மலையகப் பொம்பளைங்க செஞ்சதெல்லாம் ஏன் வரலாற்றுல காணோம்?

இலங்கையோட மலையகத்துல, அதாவது தேயிலைத் தோட்டத் தமிழ் ஜனங்க வாழ்ற மலைநாட்டுல, பொகவந்தலாவைங்கிற ஊர்ல செயின்ட் மேரிஸ்னு ஒரு பழைய சின்ன சர்ச் இருக்கு, அங்க ஜூலியா மார்கரெட் கேமரன்ங்கிற வெள்ளைக்கார அம்மாவோட கல்லறை இருக்கு. போட்டோகிராபி வரலாறு எழுதுற யாரும் அந்தப் பேரைத் தாண்டிப் போக முடியாது. 48 வயசுலதான் அவங்க கேமராவையே கையில எடுத்தாங்க, டார்வின், டென்னிசன்னு அந்தக் காலத்துப் பெரிய ஆளுங்களையெல்லாம் படம் புடிச்சாங்க, போக்கஸே சரியில்லன்னு ஆம்பளை போட்டோகிராபர்மார் மட்டம் தட்டினப்பவும் தன் பாட்டுக்கு எடுத்துக்கிட்டே இருந்தாங்க. புருஷனுக்கு இங்க காப்பித் தோட்டம் இருந்ததால 1875ல இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில கிளென்கேர்ன் தோட்டத்துல கண்ணை மூடினாங்க.

அவங்க இங்கேயும் படம் எடுத்தாங்க. அதுல தோட்டத்துல வேலை செஞ்ச நம்ம ஆளுங்களும் இருக்காங்க, பொம்பளைங்க இருக்காங்க, நேரா கேமராவைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. இங்கிலாந்துல எடுத்த படங்கள்ல அவங்க வீட்டு வேலைக்காரப் பொண்ணு மேரி ஹில்லியரை மாதா மாதிரி நிக்க வச்சு எடுத்திருக்காங்க, அந்தப் பொண்ணு பேர் இன்னைக்கு வரைக்கும் எல்லாருக்கும் தெரியும், மியூசியத்துல எழுதியிருக்கு. ஆனா இலங்கையில எடுத்த படங்கள்ல இருக்குறவங்களுக்கு அநேகமா பேரே இல்ல. சிலோன் பொண்ணு, சிலோன் ஆளுங்க, அவ்வளவுதான் தலைப்பு.

கேமரனை நான் குறை சொல்ல வரல. அவங்களே ஒதுக்கப்பட்டுப் பிறகு மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு வந்த ஒரு பெரிய கலைஞர், அவங்களைக் கொண்டாடணும். ஆனா அந்தக் கொண்டாட்டத்துக்குள்ளேயே ஒரு பொம்பளை பேரோட மேல வர்றாங்க, அவங்க முன்னால நின்ன இன்னொரு பொம்பளை பேரில்லாம நின்னுட்டாங்க. மார்ச் 8 வந்தா மறக்கப்பட்ட பெண்கள்னு நாம பகிர்ற லிஸ்ட் எல்லாம் அநேகமா இந்த முதல் வகைதான், எங்கயோ ஒரு காகிதத்துல பேர் இருந்து பிறகு யாரோ தேடி எடுத்தவங்க. காகிதத்துலேயே பேர் ஏறாதவங்களை, இல்லன்னா பேர் மட்டும் ஏறி வேற ஒண்ணுமே ஏறாதவங்களை எப்படித் தேடுறது? மலையகப் பொம்பளைங்க வரலாற்றுல இதுதான் முதல் கேள்வி, ஏன்னா இவங்க விஷயத்துல மறதி தானா வரல, எதை எழுதணும் எதை எழுதத் தேவையில்லன்னு ஒவ்வொரு காலத்துலயும் யாரோ முடிவு பண்ணியிருக்காங்க.

முதல்ல பொம்பளைங்க ஏன் இவ்வளவு பேர் மலைக்கு வந்தாங்கன்னு பாக்கணும், இதை நிறையப் பேர் சரியா சொல்றதில்ல. 1820கள்ல கம்பளைப் பக்கம் காப்பி ஆரம்பிச்சப்போ வந்தவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. காப்பிப் பழம் பறிக்கிறது சீசன் வேலை, தமிழ்நாட்டுல வயல் வேலை இல்லாத மாசத்துல வந்து, பறிச்சு முடிச்சுட்டு ஊருக்குத் திரும்பிடுவாங்க. மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடை, வழியில காலராவுலயும் பசியிலயும் செத்தவங்க கணக்குல அடங்காது. 1869ல காப்பி இலையில துரு நோய் தெரிய ஆரம்பிச்சு பத்துப் பதினஞ்சு வருஷத்துல அந்தத் தொழிலே படுத்துடுச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி, 1867ல, ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

தேயிலைக்கு சீசன் கிடையாது. ஒரு செடியில இன்னைக்கு கொழுந்து எடுத்தா ஏழு, எட்டு, பத்து நாள்ல அதே செடிக்கு திரும்ப வரணும், வராட்டி கொழுந்து முத்திப் போயிடும், வருஷம் முழுக்க, மழையோ வெயிலோ. அப்போ ஊருக்குப் போய்ட்டு வர்ற ஆள் சரிப்படாது, இங்கேயே குடும்பமா தங்கி தெனமும் மலைக்குப் போற ஆளுங்க வேணும். பொம்பளைங்களைக் குடும்பத்தோட கொண்டு வந்தது இதுக்காகத்தான். லயம்னு வரிசை வீடு கட்டினது, பிள்ளைங்களைப் பாத்துக்க பிள்ளை மடுவம் வச்சது, ஆள் சேக்குற கங்காணிகிட்ட குடும்பம் குடும்பமா ஆள் புடிச்சுட்டு வரச் சொன்னது எல்லாமே இந்தக் கணக்குலதான். தேயிலை வந்ததால பொம்பளைங்க வந்தாங்கன்னு புத்தகங்கள்ல இருக்கு, பொம்பளைங்க வந்ததாலதான் தேயிலை நின்னுச்சுன்னும் எழுதணும், ரெண்டும் உண்மை, ரெண்டாவதை யாரும் எழுதுறதில்ல.

டெய்லருக்கு லூல்கந்துரையில நினைவிடம் இருக்கு, கண்டி மஹய்யாவையில கல்லறை இருக்கு, அவர் உட்கார்ந்த கல் ஆசனத்தைக் கூட டூரிஸ்ட் போய்ப் பாக்குறாங்க. 2017ல சிலோன் டீக்கு 150 வருஷம்னு பெருசா கொண்டாடினப்பவும் அவர் பேர்தான் முன்னால இருந்துச்சு. மனுஷன் உழைச்சவர், அதுல சந்தேகமில்ல. ஆனா அந்த 19 ஏக்கர்ல முதல் கொழுந்தைக் கிள்ளின விரல் யாரோடதுன்னு ஒரு வரி கூட கிடையாது.

கொழுந்து பறிக்கிறதை ஒரு திறமையா யாரும் எழுதாததுதான் எனக்கு இதுல பெரிய ஆதங்கம். அரசாங்கக் காகிதத்துல அது திறமை தேவைப்படாத கூலி வேலை. எடுக்க வேண்டியது ரெண்டு இலையும் ஒரு மொட்டும். முத்துன இலை வந்தா தூள் தரம் இறங்கும், ரொம்ப இளசாவே எடுத்தா நிறை வராது, வங்கி, அதாவது வளராம நின்னுபோன மொட்டு, விழுந்திருந்தா அதைத் தனியாக் கிள்ளி எறியணும், எறியாட்டி செடி அடுத்த தடவை சரியா தளிர் விடாது. மட்டக்கம்பை செடி மேல வச்சு மட்டம் பாத்து, கண்ணு அடுத்த செடிக்குப் போறதுக்குள்ள ரெண்டு கையும் இந்தச் செடியில வேலையை முடிச்சிருக்கும். அதுவும் நேரான தரையில இல்ல, வழுக்குற சரிவுல, இடுப்புல படங்குங்கிற முரட்டுத் துணி கட்டி, கூடைக் கயித்தை நெத்திக்கு மேல மாட்டிக்கிட்டு, அட்டைக் கடிக்கும் குளவிக் கொட்டுக்கும் நடுவுல. நாலு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போட்டாத்தான் ஒரு கிலோ தேயிலை வரும். ஒரு அம்மா ஒரு நாளைக்கு பதினெட்டு கிலோ எடுத்தா அதுல வர்றது நாலு கிலோ தூள், எத்தனை ஆயிரம் தடவை அந்த விரல் சரியா முடிவெடுத்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. வருஷத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல நாட்டுக்குக் கொண்டு வர்ற ஏத்துமதி அந்த முடிவுல இருந்துதான் ஆரம்பிக்குது. ஸ்டோர்னு சொல்ற தேயிலை பேக்டரியில வாட்டுறது, அரைக்கிறது, பதம் பாக்குறதெல்லாம் பிறகு. மலையிலயே கெட்டுப்போன கொழுந்தை ஸ்டோர்ல எந்த மெஷினும் நல்லதாக்க முடியாது.

இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு தோட்டத்துக் காகிதம் வச்சிருந்த கட்டம் ரெண்டே ரெண்டுதான், பேர் விழுந்துச்சா இல்லையா, அதாவது அன்னைக்கு வேலை செஞ்ச கணக்குல சேந்துச்சா, எத்தனை ராத்தல் கொழுந்து. செக்ரோல்னு சொல்ற அந்த நீளப் புத்தகத்துல பேர் இருக்கும், நம்பர் இருக்கும், அந்த நாள் முழுப் பேரா அரைப் பேரான்னு இருக்கும். காலையில பிரட்டுன்னு சொல்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நிறையில ஈரத்துக்குன்னும் கூடைக்குன்னும் கழிச்சது போக மிச்சம் என்னவோ அது ஏறும். புதுசா வந்த பொண்ணுங்களுக்கு கை பழக்கினது யாரு, எந்த மலையில எந்த நிரையில கொழுந்து எப்படி வரும்னு மனப்பாடமா வச்சிருந்தது யாரு, அதெல்லாம் அந்தப் புத்தகத்துல இல்ல. கங்காணி ஆம்பளை, கணக்கப்பிள்ளை ஆம்பளை, தொரை ஆம்பளை, எழுதினவங்க எல்லாருமே ஆம்பளைங்க, எழுதப்பட்ட வேலையில பெரும்பங்கு பொம்பளைங்களோடது.

சம்பளத்துலயும் இதே கதைதான், ஆனா இங்க அது சட்டமாவே இருந்துச்சு. 1927ல வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டப்படி 1929ல இருந்து நாட்சம்பளம் நிர்ணயிச்சாங்க, மலைநாட்டுல ஆம்பளைக்கு 54 சதம், பொம்பளைக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அதுக்கு முந்தி எந்த எல்லையுமே இல்லாம இருந்தது, அதனால அந்தச் சட்டம் ஒரு முன்னேற்றம்தான், ஆனா பொம்பளையோட ஒரு நாள் ஆம்பளையோட ஒரு நாளை விட 11 சதம் குறைச்சல்னு சட்டப் புத்தகத்துலயே அச்சடிச்சு வச்சாங்க. அந்த வித்தியாசம் போறதுக்கு 1984 வரைக்கும் ஆச்சு. அந்த வருஷம் தோட்டத் தொழிலாளர் போராட்டத்துக்குப் பிறகுதான் ரெண்டு பேருக்கும் ஒரே நாட்சம்பளம் வந்துச்சு, 55 வருஷம். இந்த 55 வருஷத்துலயும் கவ்வாத்து வெட்டுற (செடியைக் கத்தரிக்கிற), முள்ளுக் குத்துற (மண்ணைக் கிளறுற) ஆம்பளைங்களோட வேலை பகல் ஒண்ணு ரெண்டு மணிக்கு முடியும், கொழுந்துப் பொம்பளைங்க அந்திக்கு நாலரை அஞ்சு வரைக்கும் மலையில நிப்பாங்க. கூட நேரம் வேலை, குறைஞ்ச சம்பளம். அந்தக் குறைஞ்ச சம்பளத்தையும் நிறையத் தோட்டங்கள்ல புருஷனோ அப்பனோ போய்க் கைநீட்டி வாங்கிட்டு வருவாங்க, பொம்பளை கைக்கு காசு வராது. எங்க அம்மாயி தன் சம்பளத்தைத் தானே எண்ணி வாங்க ஆரம்பிச்சதே வயசு போன காலத்துலதான், அதை ஒரு பெரிய விஷயமா எங்ககிட்ட சொல்லுவாங்க, அப்போ எங்களுக்கு அதோட கனம் புரியல.

1984ல சமசம்பளம் வந்ததை நாம ஒரு சாதனையா கொண்டாடவே இல்லங்கிறது எனக்கு இன்னும் ஆச்சரியம். உலகத்துல எத்தனையோ நாட்டுல எத்தனையோ தொழில்ல இன்னைக்கு வரைக்கும் அது வரல. இங்க, எழுதப் படிக்கத் தெரியாதுன்னு ஒதுக்கப்பட்ட தோட்டப் பொம்பளைங்க இருந்த ஒரு தொழில்ல வந்துச்சு. அந்த நாளுக்கு ஒரு விழா இல்ல, பிள்ளைங்களுக்கு அந்த வருஷமே தெரியாது.

இப்போ மீனாட்சி அம்மாளைப் பத்தி. மலையகத் தொழிற்சங்கம்னாலே முதல்ல சொல்றது கோ. நடேசய்யரைத்தான், சரிதான், தஞ்சாவூர்ல இருந்து வந்து, புடவை விக்கிறவர் மாதிரி வேஷம் போட்டுத் தோட்டங்களுக்குள்ள நுழைஞ்சு நிலைமையைப் பாத்து எழுதினவர், 1931ல தோட்டத் தொழிலாளர் சங்கத்தையே உருவாக்கினவர். அவர் மனைவி மீனாட்சி அம்மாள். பல கட்டுரைகள்ல அவங்களுக்கு ஒரே ஒரு வரிதான், கணவருக்கு உறுதுணையா இருந்தார்னு. என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. பத்திரிகை வேலையில பங்கெடுத்தாங்க, மேடை ஏறினாங்க, பாட்டு எழுதி தானே பாடினாங்க. ஒரு தோட்டக் கூட்டத்துக்கு நூத்துக்கணக்குல ஆளுங்க வந்து நிக்கிறாங்க, மைக் கிடையாது, முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது, நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தா பிரயோசனம் இல்ல. அப்போ சட்டத்தையும் உரிமையையும் ஜனங்க மனசுல ஏத்துறதுக்கு பாட்டை விடப் பெரிய கருவி ஒண்ணும் கிடையாது. தெரிஞ்ச மெட்டுல போட்டாங்க, கேட்டவங்க லயத்துக்குத் திரும்பிப் போகும்போது அது வாயில வந்துடும், அடுத்த நாள் மலையில கொழுந்து எடுக்கும்போது பாடுவாங்க, அடுத்த தோட்டத்துக்குப் போயிடும். இன்னைக்கு வாட்ஸ்அப்ல போறதை அன்னைக்கு பாட்டுல அனுப்பியிருக்காங்க. 1940ல அந்தப் பாட்டெல்லாம் இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமைங்கிற பேர்ல சின்னப் புத்தகமா வந்துச்சு. இந்திய வம்சாவளி ஆளுங்களை வேலையில இருந்து நிப்பாட்டி ஊருக்கு அனுப்பணும்னு கொழும்புல குரல் எழும்பிக்கிட்டு இருந்த காலம் அது, அந்த நேரத்துல ஒரு பொம்பளை தன் பேரைப் போட்டு அரசியல் பாட்டுப் புத்தகம் போட்டிருக்காங்கன்னா அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும். இதை உறுதுணைன்னு ஒரு சொல்லுல முடிக்கிறது அநியாயம், சங்கத்தோட பிரசாரத்துல பாதியையாவது அவங்க சுமந்திருக்காங்கன்னுதான் நான் நினைக்கிறேன்.

மீனாட்சி அம்மாளுக்காவது புத்தகம் இருக்கு. மலைநாட்டு நாட்டுப்பாடல்கள்னு இன்னைக்கு நாம படிக்கிறதுல தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்துமலைப் பாட்டு எல்லாத்துலயும் குரல் பொம்பளையோடது. கண்டிச் சீமைக்கு வந்த வழி, கங்காணிக் கடன், தொரை அடிச்சது, பிள்ளையைப் பிள்ளை மடுவத்துல விட்டுட்டு மலையில நிக்கும்போது பால் கட்டுற வலி வரைக்கும் அதுக்குள்ள இருக்கு. பிரிட்டிஷ்காரன் ரிப்போர்ட் எதுலயும் கிடைக்காத தகவல் அது. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை மாதிரி ஆளுங்க அதைச் சேகரிச்சு அச்சுல கொண்டு வந்தது பெரிய சேவை, அது இல்லாட்டி பாதி அழிஞ்சே போயிருக்கும். ஆனா அட்டையில சேகரிச்சவர் பேர் வருது, பாடினவ பேர் வராது, நாட்டுப்பாட்டுன்னா யாரும் எழுதாதது, தானா முளைச்சதுன்னு ஒரு நினைப்பு நமக்கு இருக்கு. ஒவ்வொரு ஒப்பாரியையும் ஒரு குறிப்பிட்ட பொம்பளை, ஒரு குறிப்பிட்ட சாவு வீட்டுல, அந்த நேரத்துல கட்டியிருக்கா. அவ கவிஞர்தான். நாவல் எழுத வந்தவங்கள்ல கோகிலம் சுப்பையாவைச் சொல்லணும், தொழிற்சங்க வேலையில நேரடியா நின்னவங்க, தோட்டத்து மூணு தலைமுறை வாழ்க்கையை வச்சு தூரத்துப் பச்சைங்கிற நாவலை 1964ல கொண்டு வந்தாங்க. அதுக்கு முந்தின நூறு வருஷத்துப் பாட்டுக்காரிங்க பேர் போயே போச்சு.

அடுத்தது ஓட்டு. இது நம்ம ஆளுங்களுக்கே அதிகம் தெரியாத கதை, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 1927ல கொழும்புல பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஆரம்பிச்சாங்க, அதுல ஆக்னஸ் டி சில்வா, டாக்டர் மேரி ரட்ணம் மாதிரி படிச்ச வசதியான பொம்பளைங்க இருந்தாங்க. இலங்கைக்குப் புது அரசியலமைப்பு எப்படி இருக்கணும்னு பாக்க பிரிட்டன் அனுப்பின டொனமூர் ஆணைக்குழு வந்தப்போ நேர்ல போய் சாட்சி சொன்னாங்க. அப்போ டொனமூர் பிரபு ஒரு கேள்வி போட்டாரு, தோட்டத்துல வேலை செய்ற இந்தியத் தமிழ்ப் பொம்பளைங்களுக்கும் ஓட்டு வேணுமான்னு. மடக்குற கேள்விதான் அது, வேணாம்னு சொன்னா உங்க கோரிக்கையே சும்மா, வேணும்னு சொன்னா அன்னைக்கு இருந்த பெரிய அரசியல்வாதிங்க பகை. ஆக்னஸ் டி சில்வா தயங்கவே இல்ல, நிச்சயமா வேணும், அவங்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேணும்னு சொல்லிட்டாங்க. ஆணைக்குழு முதல்ல பொம்பளைங்களுக்கு 30 வயசுன்னு எழுதுச்சு, கடைசியில ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் 21ன்னு வந்து 1931ல தேர்தல் நடந்துச்சு. பிரான்ஸ்ல பொம்பளைங்களுக்கு ஓட்டு வர்றதுக்கு பதிமூணு வருஷம் முந்தி நம்ம கொழுந்துப் பொம்பளைங்க சிலருக்காவது ஓட்டு இருந்துச்சு. சிலருக்குன்னு சொல்றேன், ஏன்னா இந்திய வம்சாவளிங்கிறதால வதிவிடம் நிரூபிக்கணும், அது இதுன்னு நிபந்தனை போட்டு நிறையப் பேரை வெளியே நிப்பாட்டினாங்க.

1947 தேர்தல்ல மலையகத்துல இருந்து இலங்கை இந்திய காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்புச்சு, தோட்டத்து ஆம்பளைங்களும் பொம்பளைங்களும் வரிசையில நின்னு போட்ட ஓட்டு அது. ஜெயிச்ச ஏழு பேரும் ஆம்பளைங்க. அடுத்த வருஷமே 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1949ல ஓட்டும் போச்சு, நாடற்றவங்களா ஆக்கிட்டாங்க. இதுல பொம்பளைங்களுக்கு விழுந்த அடி ரெட்டை அடி, அதை யாரும் தனியா எடுத்துச் சொல்றதில்ல. அந்தச் சட்டத்துல வம்சாவளிப் பிரஜைன்னு காட்டணும்னா அப்பா இங்க பொறந்திருக்கணும், இல்லாட்டி அப்பாவோட அப்பாவும் அவரோட அப்பாவும் இங்க பொறந்திருக்கணும். கல்யாணத்துக்குள்ள பொறந்த பிள்ளைக்கு அம்மா வழி கணக்குலேயே கிடையாது. அம்மா, அம்மாயி எல்லாம் இதே மலையில பொறந்து இதே மலையில வேலை செஞ்சவங்களா இருந்தாலும் அது சாட்சியாகாது. இந்த அப்பா வழிக் கணக்கு 2003 வரைக்கும் சட்டத்துல இருந்துச்சு.

பிறகு 1964ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்க பிரஜாவுரிமைன்னு ரெண்டு அரசாங்கமும் ஆளுங்களைப் பங்கு பிரிச்சாங்க. குடும்பம் கூறு போட்ட மாதிரி உடைஞ்சுது. புருஷன் பேர்ல இந்தியப் பாஸ்போர்ட் வந்தா பொண்டாட்டியும் கிளம்பணும், அவ அம்மா, அக்கா தங்கச்சி இங்க. இந்தியாவுக்குக் கப்பல் ஏற தலைமன்னாருக்குப் போற அந்த கோச்சியை, அதாவது ரயிலை, ஒப்பாரிக் கோச்சின்னே ஜனங்க சொன்னாங்க, ஸ்டேஷன் ஸ்டேஷனா பொம்பளைங்க கட்டிப் புடிச்சு ஒப்பாரி வச்சு அழுதாங்க. சாவு வீட்டுக்குன்னு இருந்த ஒரு பாட்டு முறையை அரசாங்கம் பண்ணின பிரிவுக்குப் பாடினாங்கன்னா அதை ஒரு அரசியல் எதிர்ப்பா எடுத்துக்கணும்னு எனக்குத் தோணுது. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டதுல ஒருத்தர் உலகத்தோட முதல் பெண் பிரதமர், சிறிமாவோ பண்டாரநாயக்க, உலகப் பெண் சாதனையாளர் லிஸ்ட் எல்லாத்துலயும் இருக்கிற பேர். 1960ல அவங்க அந்த நாற்காலிக்கு வந்தது உண்மையிலேயே பெரிய சாதனைதான். அதே வருஷங்கள்ல ஓட்டில்லாம நாடில்லாம நின்ன லட்சக்கணக்கான பொம்பளைங்களும் இதே நாட்டுல இருந்தாங்கங்கிறதையும் சேத்து எழுதினாத்தான் அந்தக் கதை முழுசாகும்.

யூனியன் விஷயத்துக்கு வந்தா, தோட்டத்துல பாதிக்கு மேல தொழிலாளர் பொம்பளைங்க, சம்பளத்துல மாசாமாசம் சந்தா புடிக்கிறது அவங்ககிட்ட இருந்துதான், ஸ்ட்ரைக்னா மலைக்குப் போகாம கொழுந்தை முத்த விடுற பலம் அவங்க கையிலதான், ஆனா தலைவர் வரிசையில ரொம்ப காலம் பொம்பளையே இல்ல, மாதர் அணின்னு ஒரு ஓரம். இதை உடைச்சவங்கள்ல மேனகா கந்தசாமியைக் கட்டாயம் சொல்லணும். செங்கொடிச் சங்கத்துல பொதுச் செயலாளர் பொறுப்புக்கு வந்தாங்க, வீட்டு வேலை செய்ற பொம்பளைங்களையும் தொழிலாளர்னு சேத்து அவங்களுக்கும் யூனியன் கட்டினாங்க. மலையகத்துப் பொண்ணுங்க கொழும்பு வீடுகளுக்கு சின்ன வயசுலயே வேலைக்குப் போறது எவ்வளவு பழைய காயம்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும். இறம்பொடைப் பக்கம் பழைய லயத்துலயே தோட்டத் தொழிலாளர் மியூசியம் ஒண்ணு இருக்கே, 2007ல தொறந்தது, அதுவும் அவங்க இருந்த நிறுவனத்தோட முயற்சிதான். கூடை, படங்கு, அம்மி, பழைய சமையல் சாமான், காகிதங்கள்னு வச்சிருக்காங்க. தேயிலைக்கு ஹந்தானையில வேற மியூசியம் இருக்கு, அங்க மெஷின்தான் நிறைய. நுவரெலியா போற வழியில இறம்பொடையில நீர்வீழ்ச்சியை மட்டும் போட்டோ எடுத்துட்டுப் போற நம்ம ஆளுங்க ஒரு தடவையாவது அங்க ஏறிப் போய்ப் பாக்கணும், பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு.

2018 உள்ளூராட்சித் தேர்தல்ல பொம்பளைங்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு வந்தப்போ மலையகத்துலயும் முதல் தடவையா நிறையப் பொம்பளைங்க பிரதேச சபைக்குள்ள போனாங்க. நாட்சம்பளம் ஆயிரம் ரூவா கேட்டு நடந்த போராட்டங்கள்ல டிவியில பாத்திருப்பீங்க, ரோட்டுல உக்காந்திருந்தது அநேகமா பொம்பளைங்க, மைக் புடிச்சவங்க அநேகமா ஆம்பளைங்க. ஆயிரம் 2021ல வந்துச்சு, 2024ல அடிப்படை நாட்சம்பளம் 1350 ஆச்சு. அதே 2024 நவம்பர் தேர்தல்ல நுவரெலியாவுல இருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில இருந்து அம்பிகா சாமுவேல், மலையகத் தமிழ்ப் பொம்பளைங்க ரெண்டு பேர் மக்கள் ஓட்டுல ஜெயிச்சு முதல் தடவையா பாராளுமன்றம் போனாங்க. எந்தக் கட்சி, அவங்க என்ன செய்றாங்கங்கிற விவாதம் தனி, அதைத் தாராளமா செய்யலாம். ஆனா ஆக்னஸ் டி சில்வா சாட்சி சொன்ன அந்தக் காலத்துல இருந்து எண்ணிப் பாருங்க, 1931ல ஓட்டு வந்து, அதைப் புடுங்கி, அரை நூற்றாண்டுக்கு மேல பிரஜாவுரிமைக்கே இழுபட்டு, 93 வருஷம் கழிச்சு அந்தக் கதவு தொறந்திருக்கு. செய்தியில ரெண்டு நாள் ஓடுச்சு, பிறகு அடங்கிடுச்சு.

இதெல்லாம் ஏதோ ஒரு விதத்துல காகிதத்துல ஏறினது. ஏறாதது இன்னும் நிறைய. ஒவ்வொரு லயத்துலயும் ஒரு மருத்துவச்சி இருந்தாங்க, டிஸ்பென்சரி ஐயா வர்றதுக்கு முந்தி பிள்ளையைக் கையில வாங்கினவங்க, அவங்களுக்குக் கூலி வெத்தலை பாக்கும் ஒரு சேலையும். பிள்ளை மடுவத்துல நாப்பது பிள்ளைங்களை ஒத்தை ஆளா பாத்துக்கிட்ட ஆயம்மா. சீட்டுப் புடிச்சு, லயத்துக்குப் பின்னால மரக்கறி போட்டு, மாடு வச்சு, 1973, 74 பஞ்சத்துல மரவள்ளியையும் கீரையையும் வச்சே பிள்ளைங்களை உயிரோட வச்ச அம்மாமார். தான் கைநாட்டு வச்சாலும் மகளை ஓ.எல் பரீட்சை வரைக்கும் இழுத்துட்டுப் போனவங்க. இன்னைக்கு மலையகத்துல இருக்குற டீச்சர்மார், நர்ஸ்மார், கேம்பஸ் பிள்ளைங்களைக் கேட்டுப் பாருங்க, முக்கால்வாசிப் பேர் கொழுந்துக் காசுல படிச்சவங்கதான்.

2023ல, மலையக ஜனங்க இலங்கைக்கு வந்து 200 வருஷம் ஆனதை நினைச்சு தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்து போனாங்களே, அதுல பொம்பளைங்க நிறையப் பேர் நடந்தாங்க, நல்ல வேலை. அது மாதிரிப் பெரிய வேலை எல்லாராலயும் முடியாது, ஆனா போன் எல்லார் கையிலயும் இருக்கு, அதுல ரெக்கார்டர் இருக்கு. அறுபது எழுபது வயசு தாண்டின அம்மாயி, அப்பாயி வீட்டுல இருந்தா உக்காந்து கேளுங்க. உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்கன்னு பொதுவா கேட்டா ஒண்ணும் வராது, என்னத்த சொல்ல, கஷ்டம்தான்னு முடிச்சுடுவாங்க. குறிப்பாக் கேக்கணும். முதல் பேர் எந்த வயசுல விழுந்துச்சு, எந்த மலை, யாரு கை பழக்கினது, உங்களைக் கையில வாங்கின மருத்துவச்சி பேர் என்ன, சம்பளத்தை யாரு வாங்கினா, எந்த ஸ்ட்ரைக்ல நின்னீங்க, அப்போ பக்கத்துல நின்னது யாரு, ஒப்பாரி நல்லா பாடுறது யாரு, ஒப்பாரிக் கோச்சியில போனது யாரு, அதுக்குப் பிறகு கடிதம் வந்துச்சா. பாட்டு வந்தா நிறுத்தாதீங்க, முழுசாப் பாட விடுங்க. பேர், தோட்டம், டிவிசன், வருஷம் நாலையும் மறக்காம பைலோட பேர்லயே போட்டு ரெண்டு இடத்துல சேவ் பண்ணி வைங்க, ஒரு போன் தொலைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும்.